முன்மூக்கில் நிற்கிறவன்

2025 பிப்ரவரி 6, வியாழன்

குரூப்பில் ஒரு செய்தி அழிக்கப்பட்டிருக்கிறது. சோணைமுத்து போட்டது. மதியம் ஒன்று பத்துக்கு வந்திருக்கிறது. நான் மில்லில் செக்கிங் மேஜையில் இருந்தேன். கையைத் துடைத்துப் போனை எடுப்பதற்குள் இல்லை. அதற்குக் கீழே ரிச்சர்ட் ஒரு கும்பிடு போட்டிருக்கிறான். எதற்குக் கும்பிடு?

அந்தக் குரூப்பில் இருப்பதே நாலு பேர். நான், என் மச்சான் ரிச்சர்ட், கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சோணைமுத்து, வேம்பாரில் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வள்ளக்காரர் சமுத்திரம். மூன்று பேருக்குத் தெரிந்து எனக்கு மட்டும் தெரியக் கூடாது என்றால் அது என்னைப் பற்றியதுதானே. வேறு என்ன?

மனைவி ஸ்வீட்லினிடம் சொன்னேன். "ஏதாச்சும் தப்பா டைப் பண்ணிருப்பாவ, அழிச்சிருப்பாவ. உங்க கண்ணுக்கு எல்லாத்துலயும் ஓட்டதான் தெரியும்" என்றாள். தம்பி ரிச்சர்ட்டை விட்டுக்கொடுப்பாளா அவள்? இருபத்திரண்டு வருடமாகப் பேண்டேஜ் துணியை விளக்கு மேஜையில் விரித்துக் குறை தேடுகிறவனுக்கு ஓட்டை தெரியாமல் வேறு என்ன தெரியும்.

நாளை மறுநாள் கடலுக்குப் போகிறோம். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 8, சனி

சாயங்காலம் ஆறு மணி. இப்போதுதான் வந்தேன். தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும், விவரம் மறந்துபோகும்.

கரையில் ஒரே கொசு. ஸ்வீட்லின் கொடுத்துவிட்ட கிரீமைக் காலிலும் கையிலும் அப்பிக்கொண்டேன். அவர்களுக்குக் கொசு கடிக்காதாம். பெரிய கடலோடிகள்!

வள்ளத்தில் ஏறினதும் சமுத்திரம், "அண்ணாச்சி, நீங்க முன்மூக்குக்குப் போயிருங்க" என்றார். போன நாலு தடவையும் இதே. ஒருநாள்கூட "எங்க நிக்கிய?" என்று கேட்டதில்லை. வள்ளத்தின் கூர்முனையான அந்த முன்மூக்கில்தான் ஆட்டம் அதிகம், தண்ணீர் தெறிப்பதும் அங்கேதான். வாந்தி எடுத்து நானாகவே விலகிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறார்களோ? மற்ற மூவரும் பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒட்டி உரசிக்கொண்டு பேச்சும் சிரிப்பும். காற்றில் எனக்கு ஒரு சொல்லும் கேட்காது.

என் தூண்டில் அவர்களுக்கு இடைஞ்சல். அது எனக்குத் தெரியாதா? ரிச்சர்ட் ஈய மீனைக் கட்டி நேரே அடிமட்டத்துக்கு இறக்கி, வெட்டி வெட்டி இழுப்பான். சோணைமுத்து சாளை மீனைக் கோர்த்துப் போட்டுவிட்டு வெற்றிலை போடுவான். என்னுடையது ஃப்ளை. கொக்கியில் ஆட்டுவால் முடியைக் கட்டிச் செய்த இரை; அதற்கு எடையே கிடையாது, நூலுக்குத்தான் எடை. அந்தத் தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் விசிறி வீசி, அது மூழ்கும்வரை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு இடது கையால் முழம் முழமாக இழுக்க வேண்டும். பன்னிரண்டு பாகத் தண்ணீரில், பாகத்துக்கு ஆறடி, பாதி ஆழம் போகவே எழுபது எண்ண வேண்டும். "அண்ணாச்சி எண்ணி முடிக்கதுக்குள்ள நான் மீனப் பிடிச்சு கொழம்பு வச்சு எறக்கிருவேன்" என்பான் சோணைமுத்து. "அத்தான் ஈ ஓட்டுதாவ" என்பான் ரிச்சர்ட். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

சிரிக்கட்டும். மில்லில் தறி மாட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் மூன்று மாதம் கண்மாய்க் கரையில் நிறுத்திக் கற்றுக்கொடுத்த வித்தை இது. ஊருக்குப் போகும்போது கோலையும் ரீலையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ராஜபாளையத்தில் வேறு எவனிடம் இருக்கிறது? "உங்க இரைக்கு வார மீன் எனக்கு வேண்டாம், என் மீன நானே கூப்புட்டுக்கிடுவேன்" என்று ஒருநாள் அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்தக் கோபமும் இருக்கும்.

ஒன்பது மணிக்கு ரிச்சர்ட்டுக்கு மாட்டியது. பாறை மீன். கோல் வளைந்த வளைவைப் பார்த்துச் சமுத்திரமே எழுந்துவிட்டார். அடியிலிருந்து மேலே கொண்டுவந்துவிட்டான், முதுகு தெரிகிறது, கொக்கிக் கம்பைப் போட்டுத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கவில்லையே! மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, வள்ளத்தின் ஓரமாக நடந்து நடந்து என் பக்கம் வந்தான். எதற்கு? நான் பார்க்க வேண்டுமாம். எவ்வளவு பெரிசு பார்த்தாயா என்று காட்ட வேண்டுமாம். வாயால் சொல்லிக்கொள்வதைவிட இது கூடுதல் திமிர்.

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் பாட்டுக்கு வீசினேன். பத்து இழுப்பு இழுப்பதற்குள் எனக்கும் மாட்டியது! கட்டா மீன், இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. அவன் காட்டிக்கொண்டிருக்கும்போதே நான் என் ஆட்டுவால் முடியில் ஏற்றினேன். ஜனவரியிலும் இப்படித்தான், அவன் மீனை வைத்து வித்தை காட்டும்போதுதான் எனக்கு விழுந்தது. கர்த்தர் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

அதற்குள் பின்னால் ஒரே கூச்சல். சுறா. ரிச்சர்ட்டின் பாறையை அறுத்துவிட்டது. இழுத்தால் தலை மட்டும் வருகிறது. முப்பது கிலோ இருந்திருக்கும், பத்து வருடத்தில் இப்படி ஒன்றை யாரும் இங்கே ஏற்றவில்லை என்றார் சமுத்திரம். ரிச்சர்ட் அந்த மீன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நல்லா வேணும்" என்றேன். வாய்க்குள்ளேதான். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

சோணைமுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்தான். குரூப்பில் போடு என்றால், "கிளியரா விழல அண்ணாச்சி" என்கிறான். போன தடவையும் கிளியராக விழவில்லை. என்ன போனோ!

தூண்டில் சாமான்களை வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிச்சர்ட் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கார் அவனுடையது, பரணும் அவனுடையது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டா மீன் குழம்பு. ஸ்வீட்லின் பாதியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் பிடித்தது என்று சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். முறைத்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வேலை விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் ரிச்சர்ட்டும் சோணைமுத்தும். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கண்ணால் பார்த்தேன், நின்றது. ரிச்சர்ட் உடனே, "வாங்க அத்தான், டீ சொல்லட்டா?" என்றான். சோணைமுத்து எங்கோ பார்த்துக்கொண்டு பால்கோவா தின்றான். அவனுக்குச் சர்க்கரை வியாதி. பால்கோவாவே தொட மாட்டான். பதற்றத்தில் தின்கிறான்.

என்னைக் கழற்றிவிடப் போகிறார்கள். தெரிந்துவிட்டது. எனக்கு என்ன, குடியா, சீட்டா? மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அந்த வள்ளத்தில் நிற்பது ஒன்றுதான். அதுவும் போனால் மில்லும் வீடும் கோயிலும்தான்.

பிப்ரவரி 22, சனி

நினைத்தது நடந்தது.

இன்று என் நூல் வீச்சில் போகவே இல்லை. விரலில் ஒட்டுகிறது, வளையத்தில் ஒட்டுகிறது. இருபத்தைந்து கஜம் பறக்கிற நூல் பத்து கஜத்தில் தொப்பென்று விழுகிறது. சோணைமுத்து சிரித்தான். ரிச்சர்ட் சிரிக்கவில்லை; அதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்றும் ஒரு பாறையை மாட்டிவிட்டு, தூக்காமல், ஓரமாக நடத்தி நடத்தி என் காலடிக்கே கொண்டுவந்தான். என்னால் வீச முடியவில்லை என்று தெரிந்துகொண்டே! அரைமணி நேரம் அப்படியே நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டதால் யாரும் பார்க்கவில்லை.

நூல் சுருளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அந்தப் பரணில் நூலை வைப்பதாக இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. நூலை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். மேல்பூச்சு இளகிப் பிசுபிசுவென்று இருக்கிறது. சில இடத்தில் வெடித்து உள்நூல் தெரிகிறது. உப்போ வெயிலோ இதைச் செய்யாது. மருந்து ஏதோ பட்டிருக்கிறது.

ரிச்சர்ட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அவன் கடையில் வார்னிஷ் இருக்கிறது, வார்னிஷைக் கழுவத் தின்னர் இருக்கிறது. தின்னர் டப்பா பரணுக்கு நேர் கீழே.

போதும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

பிப்ரவரி 24, திங்கள்

கேட்டுவிட்டேன்.

கடையில் ரிச்சர்ட்டும், காயில் சுற்றும் பாண்டீஸ்வரியும் இருந்தார்கள். நூலை மேஜையில் போட்டேன். "ஏலே, இதுல தின்னர ஊத்துனது நீயா, சோணைமுத்தா?"

"என்ன அத்தான் பேசுதிய?"

"நான் வாரது எடஞ்சல்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். ஆம்பளயா இருந்தா சொல்லணும். பொருள நாசம் பண்ணுறது என்ன பழக்கம்? எங்க வச்சு என்ன பேசுதியன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாண்டீஸ்வரி செம்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். ரிச்சர்ட் பரணில் ஏறி என் கோல், ரீல் பெட்டி, கொக்கி டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி மேஜையில் வைத்தான். துடைத்து வைத்தான்.

"எடுத்துட்டுப் போயிருங்க அத்தான்."

அவ்வளவுதான் சொன்னான். குற்றம் இல்லாதவன் திருப்பிக் கத்துவான் அல்லவா? ஏன் கத்தவில்லை?

பிப்ரவரி 25, செவ்வாய்

ஸ்வீட்லின் சாப்பிடவில்லை. "எனக்கு இருக்கது ஒரே தம்பி" — இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

மார்ச் 1, சனி

அவர்கள் போயிருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்தேன். கடை பூட்டியிருக்கிறது, கார் இல்லை. குரூப்பில் ஒரு வார்த்தை கிடையாது. அப்படியானால் வேறு குரூப் வைத்திருக்கிறார்கள். நான் இல்லாத குரூப். அதை நான் எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வரும் வழியில் மழைத் தூறல். மலை முழுக்க மேகம். கடலில் என்ன காற்றோ. அவர்களுக்கு இன்று என்ன மாட்டியதோ. முன்மூக்கில் யார் நின்றார்களோ.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களுக்கு நான் எதை விடப் போகிறேன் என்று ஸ்வீட்லின் கேட்டாள். கறி, மீன் என்றேன்.

"கறிய விட வேண்டாம், சந்தேகத்த விடுங்க. நாப்பது நாளு."

சந்தேகத்தை விட்டால் மில்லில் வேலை போய்விடும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரிச்சர்ட்டைக் கோயிலில் பார்த்தேன். ராஜபாளையத்துக்கு வந்து இங்கே ஆராதனையில் உட்காருவான் என்று யார் கண்டது? அக்காளைப் பார்க்க வந்தானாம். என்னைப் பார்த்து, "தோத்திரம் அத்தான்" என்றான், போய்விட்டான். ஒரு சத்தம், ஒரு ஏச்சு, ஒன்றும் இல்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

மதியம் நூலை மறுபடியும் எடுத்தேன். தின்னரை ஊற்றினான் என்பதற்கு ஆதாரமாக ஒரு அட்டையில் ஒட்டி அவன் முன்னால் வைக்க வேண்டும் என்று. தரையில் நீட்டி விரித்து, குறை உள்ள இடமெல்லாம் பேனாவால் குறித்தேன். மில் பழக்கம், டேப்பை வைத்து அளந்தேன்.

முதல் தடத்துக்கும் இரண்டாவதுக்கும் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அடுத்தது அறுபது. அடுத்தது அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அளந்தேன். அதேதான்.

துணியில் ஒரே இடைவெளியில் குறை திரும்பத் திரும்ப வந்தால் அது துணியின் குறை அல்ல. உருளையில் எங்கோ ஒரு பிசிறு இருக்கிறது, உருளை சுற்றும்போதெல்லாம் அங்கங்கே பதிகிறது. மில்லில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுப்பது இது. யாராவது தின்னரை ஊற்றியிருந்தால் சுருள் மொத்தமும் நனைந்திருக்கும். அறுபது சென்டிமீட்டருக்கு ஒரு தரம் எண்ணி எண்ணியா ஊற்றுவான்?

அப்படியானால் உருளை எது?

மார்ச் 11, செவ்வாய்

கெட்டுப்போகாத நுனியிலிருந்து ஐந்து துண்டு வெட்டி ஞாயிறு இரவே ஊறவைத்தேன். தின்னர், பெட்ரோல், சாளை எண்ணெய், தேங்காய் எண்ணெய். ஐந்தாவது துண்டுக்கு என்ன தடவுவது என்று தெரியும். தெரிந்துகொண்டே கடைசியில் தடவினேன்.

இன்று பார்த்தேன். தின்னர் பட்ட துண்டு வெளுத்து விறைத்துவிட்டது. பெட்ரோல் பட்டது சுருங்கியிருக்கிறது. எண்ணெய் இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாவது பிசுபிசுத்து, இளகி, வெடித்து — என் நூல் அப்படியே.

கொசு கிரீம்.

இடது கையால் ஒரு இழுப்புக்கு நான் இழுக்கும் நீளத்தைச் சுவரில் குறித்து அளந்தேன். அறுபத்தொன்று.

கரையில் கொசுவுக்குப் பயந்து கையில் அப்பிக்கொண்டு, அந்தக் கையாலேயே வருடக்கணக்கில் இழுத்திருக்கிறேன். உருளை என் கைதான்.

மார்ச் 12, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்? நூல் விஷயம் சரி, தப்பு என்னுடையது. ஆனால் அழித்த செய்தி? டீக்கடையில் நின்ற பேச்சு? முன்மூக்கு? மீனைக் காலடியில் கொண்டுவந்து காட்டினானே, அதற்கு என்ன சொல்வார்கள்? அதெல்லாம் பொய்யா?

ஸ்வீட்லின், "ஏன் கிரீம் டியூப்ப விளக்கு வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு இருக்கிய?" என்றாள். சும்மா என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

சோணைமுத்து வந்தான். இரண்டு கையிலும் தேங்காய். உட்கார் என்று நான் சொல்லவில்லை, அவனாகவே உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு காட்டணும். காட்ட மாட்டேன்னு ரிச்சர்ட்டுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். சத்தியத்த முறிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க பாத்ததா அவங்கிட்ட மூச்சு விடக் கூடாது."

போனை நீட்டினான். பிப்ரவரி எட்டாம் தேதி வீடியோ. கிளியராகத்தான் இருக்கிறது. தூரத்தில் முன்மூக்கில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்தப் பக்கம் ரிச்சர்ட்டின் கோல் வளைந்திருக்கிறது. மீனின் முதுகு தெரிகிறது, அதைச் சுற்றிலும் கீழே நிழல் நிழலாக வேறு மீன்கள், ஒரு கூட்டமே. சமுத்திரம் கொக்கிக் கம்போடு குனிகிறார்.

"ஏத்திரலாம்லய்யா? பெரிய உருப்படி. சுறா சுத்துற எடம்."

ரிச்சர்ட்டின் குரல்: "வேண்டாம். கெடக்கட்டும். இத ஏத்துனா கூட்டம் கலைஞ்சிரும். அத்தான் ஒரு வீச்சு வீசட்டும்."

பிறகு அவன் ஓரமாக நடக்கிறான். என்னை நோக்கி. மீனை நடத்திக்கொண்டு, பின்னால் வரும் அந்தக் கூட்டத்தை எனக்குக் கூட்டிக்கொண்டு. நான் வீசுகிறேன். எனக்கு மாட்டுகிறது. ரிச்சர்ட், "மாட்டிருச்சு! அத்தானுக்கு மாட்டிருச்சு!" என்கிறான். சின்னப் பிள்ளை மாதிரி. அதோடு தண்ணீர் குபீரென்று பொங்குகிறது. படம் ஆடி நின்றுவிட்டது. சோணைமுத்து போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினானாம். நல்லவேளை, அதற்குமேல் இல்லை.

"போன வருசம் பூரா நீங்க வெறுங்கையோட திரும்புனிய. 'அத்தான் இந்த வருசத்தோட விட்டுருவாவ போல இருக்கு'ன்னு ரிச்சர்ட்டுக்கு ஒரே வெசனம். உங்களுக்குன்னு கூட்டிட்டு வந்தோம்னு தெரிஞ்சா நீங்க வீச மாட்டிய, கோலத் தூக்கி வச்சிருவிய. அதான் யாருக்கு மாட்டுனாலும் மொத மீன ஏத்தாம வைக்கணும், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பேச்சு. நான் ஒரு நாளு மாத்தி நம்ம குரூப்புல போட்டுட்டேன், 'அழிச்சிருலே'ன்னு அவன் கும்புட்டான்."

"முன்மூக்கு?"

"பொறவு எங்க நிப்பிய? அங்கன நின்னாத்தான் பின்னால வீசுறதுக்கு யாரு தலையும் குறுக்க வராது. எங்க நூலும் உங்க நூலும் சிக்காது. எம் தொப்பில ஒரு நாளு கொக்கி மாட்டுச்சே, மறந்துட்டியளா?"

அவன் போன பிறகு ஸ்வீட்லின் வந்து எதிரே உட்கார்ந்தாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தேங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முப்பது கிலோ. பத்து வருடத்தில் யாரும் ஏற்றாதது. எனக்காக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான், நான் என்ன சொன்னேன்? நான் என்ன மனுசன்.

மார்ச் 17, திங்கள்

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஐந்து துண்டையும் அட்டையில் ஒட்டி, கீழே பெயர் எழுதி, மில்லில் குறை அட்டை தயாரிப்பது போலவே எடுத்துப்போனேன். வேறு மாதிரி எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

ரிச்சர்ட் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். அட்டையை நீட்டினேன். "தின்னர் இல்ல. நான் தடவுன கொசு கிரீம். எங் கைதான். தப்பு எம் மேல."

அட்டையை ரொம்ப நேரம் பார்த்தான். தலையை ஆட்டினான்.

அப்போது பாண்டீஸ்வரி, "அண்ணே, அன்னைக்கு அம்புட்டுச் சத்தமா பேசுனிய. இன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றாள்.

நியாயம்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "ரிச்சர்ட்டு மேல தப்பு இல்ல! நான்தான் என் நூல நாசம் பண்ணுனேன்! அவன ஏசுனது தப்பு!" பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாண்டீஸ்வரி மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள்.

"சரி அத்தான்" என்றான் ரிச்சர்ட். "டீ குடிக்கியளா?"

குடித்தேன். மீனைப் பற்றி வாய்வரை வந்தது; சோணைமுத்துவுக்குக் கொடுத்த வாக்கு. கிளம்பும்போது, வருகிற சனிக்கிழமை வாங்க என்பான் என்று வாசலில் செருப்பை மெதுவாக மாட்டினேன். சொல்லவில்லை. அட்டையை மட்டும் மேஜையிலேயே வைத்துக்கொண்டான்.

மார்ச் 22, சனி

போயிருப்பார்கள். போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சோணைமுத்து போன் பண்ணினான். "சனிக்கெழம வாரியளா அண்ணாச்சி? ரிச்சர்ட்டு கூப்புடச் சொல்லல, அத மொதல்லயே சொல்லிருதேன். நானாத்தான் கேக்கேன். வேண்டாம்னும் அவன் சொல்லல."

சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? வரட்டும் என்றா, வந்தால் வரட்டும் என்றா? வரமாட்டார் என்றா? ஒரு மணி நேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு "வாரேன்" என்று குரூப்பில் செய்தி போட்டேன். ரிச்சர்ட் பார்த்துவிட்டான், பெயர் காட்டுகிறது. பதில் இல்லை.

இன்ஜினியர் விட்டுப்போன இரண்டாவது நூலைப் பிரித்து ரீலில் ஏற்றினேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

ஏப்ரல் 5, சனி

ரிச்சர்ட்டின் காரில் போனோம். சாத்தூரில் டீ. வேம்பாரில் கொசு பிடுங்கியது; தேங்காய் எண்ணெய்தான் தடவியிருந்தேன், காலெல்லாம் தடிப்பு. சமுத்திரம், "அண்ணாச்சி..." என்று ஆரம்பிப்பதற்குள் நானே முன்மூக்குக்குப் போய் நின்றேன்.

பதினான்கு பாகத் தண்ணீர். வள்ளம் காற்றைப் பார்த்து நிற்கட்டும் என்று சமுத்திரம் முன்மூக்கிலிருந்து ஒரு தார்ப்பாய்ப் பையைக் கட்டித் தண்ணீரில் விட்டார். எட்டரை வரை யாருக்கும் ஒன்றும் இல்லை. நான் எண்பது எண்ணி இழுத்தேன். தொண்ணூறு எண்ணி இழுத்தேன். நூறு எண்ணி மூன்றாவது இழுப்பில் பாறாங்கல்லில் மாட்டியது போல நின்றது. பிறகு பாறாங்கல் ஓடியது.

இதுவரை இப்படி ஒரு மீன் என் கோலில் வந்ததில்லை. நாற்பது நிமிடம். விரல் அறுந்து ரத்தம். மேலே வந்தபோது பார்த்தேன், கடல் விரால், என் இடுப்பு உயரம் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் மூன்று, நாலு. சுற்றிச் சுற்றி வருகின்றன.

சமுத்திரம் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தார். "அசையாம பிடிங்க அண்ணாச்சி, ஏத்திருதேன்."

"வேண்டாம்" என்றேன். "கெடக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சோணைமுத்துவின் சாளை வாளியைத் தாண்டி, வள்ளத்தின் ஓரமாகப் பின்பக்கம் நடந்தேன். என் மீன் வந்தது. மற்ற மீன்களும் கூடவே வந்தன. ரிச்சர்ட்டுக்கு நேரே போய் நின்றேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி, "போடு" என்றேன்.

பிறகு ஈய மீன் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. இரண்டு வெட்டு. ரிச்சர்ட்டின் கோல் வளைந்தது.

அதே நேரத்தில் என் கோல் நிமிர்ந்துவிட்டது. கொக்கி வாய் நேராகிவிட்டிருந்தது. விரால் கொஞ்சம்கூட அவசரப்படாமல் கீழே போனது. போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரிச்சர்ட் தன் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"நல்லா வேணும்."

பிறகு திரும்பி, "அத்தான்" என்று சேர்த்தான். சிரித்துவிட்டான். சோணைமுத்துவும் சமுத்திரமும் ஏன் என்று புரியாமல் கூடச் சிரித்தார்கள். என்னால்தான் முடியவில்லை.

அவன் மீன் பதினெட்டுக் கிலோ. ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து பிப்ரவரி எட்டாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது என்று எழுதியிருக்கிறேன். முன்மூக்கில் நிற்பவனுக்குத்தான் பின்னால் பேசுவது கேட்காது. வள்ளம் காற்றைப் பார்த்து நிற்பதால் காற்று என் பக்கமிருந்து அவர்கள் பக்கம் அடிக்கிறது. நான் வாய்க்குள் சொன்னது ரிச்சர்ட்டுக்கு அன்றே கேட்டிருக்கிறது. கேட்ட பிறகுதான் இருபத்திரண்டாம் தேதி, அரைமணி நேரம், மீனை எனக்காகத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.